ஏழு பெண்களுக்கு என் பெயர்

பங்காளிக் காய்ச்சல் ஆண்களுக்குத்தான் வரும் என்று எங்கள் பக்கத்தில் நினைப்பு. வரப்புக்கும் வாய்க்காலுக்கும் அண்ணன் தம்பிகள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள், பெண்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்பார்கள். எனக்கு அந்தக் காய்ச்சல் ஏழு வயதில் வந்தது. இன்னும் முழுதாக இறங்கவில்லை. என் சித்தப்பா மகள் மேல் வந்த காய்ச்சல் அது. அவள் என்னைவிடப் பத்து மாதம் இளையவள். பாகூரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர்கள் பக்கம் ஆணி அடித்தால் எங்கள் பக்கம் சுண்ணாம்பு உதிரும்.

இப்போது தெருப் பிள்ளைகள் என்னிடம் வந்து என்ன வேலைக்குப் படிக்கலாம் என்று கேட்கிறார்கள். உன் குணம் என்ன என்று பார், அதற்கு ஒத்து வருகிற வேலையாகப் பிடித்துக்கொள் என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லி அனுப்புகிறேன். நான் என் வேலையைப் பிடித்த விதத்தை அவர்களிடம் சொன்னதில்லை. நான் பார்த்தது என் குணத்தை அல்ல, அவள் முகத்தை.

எங்கள் இருவருக்கும் ஒரே வருஷத்தில் கல்யாணம் நடந்தது. என்னைக் கட்டியவர் ஆறாம் மாதம் பிரெஞ்சுக்காரனிடம் வேலைக்கு என்று சைகோனுக்குக் கப்பல் ஏறினார். இரண்டு கடிதம் வந்தது, பிறகு வரவில்லை. அவளைக் கரியமாணிக்கத்தில் ஒரு கரும்புக்காரருக்குக் கொடுத்தார்கள். அவர் காலராவில் போய்விட்டார். இருபது வயது ஆவதற்குள் இரண்டு பேரும் அப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டோம். இதிலும் அவளைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது என்றால் நம்புவீர்களா? அவளுக்கு என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியும். ஊர் கூடி அழுதது, நாள் பார்த்துக் காரியம் செய்தது. எனக்காக அழலாமா வேண்டாமா என்று ஊருக்கே தெரியவில்லை. நான் பொட்டும் தாலியுமாக, யாருக்கும் எந்தப் பதிலும் சொல்ல முடியாமல், உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தேன்.

எங்களை அதிலிருந்து தூக்கிவிட்டவர் பெண்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியாரம்மா. காரைக்கால்காரர், கிறிஸ்தவர். அவரை எல்லாரும் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் இரண்டு பேரும் கல்யாணத்துக்கு முன்னால் அவரிடம் படித்தவர்கள், கொஞ்சம் பிரெஞ்சும் தெரியும். ஒருநாள் அவரே வீட்டுக்கு வந்து எங்கள் அப்பாக்களை உட்காரவைத்துப் பேசினார். பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு ஒரு உதவி வாத்தியாரம்மா வேண்டும். அதோடு, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து எங்கள் கொம்யூனுக்கு, அதாவது பாகூரும் சுற்றுக் கிராமங்களும் சேர்ந்த வட்டாரத்துக்கு, ஒரு மருத்துவச்சி போடப்போகிறார்கள். இரண்டுக்கும் படித்த பெண்கள் இந்த ஊரில் நாங்கள்தான் என்றார். யாருக்கு எது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

“உன் குரலுக்கு நாப்பது புள்ளைங்க அடங்கும்டி, நீ பள்ளிக்கூடத்துக்கு வா” என்றார் என்னிடம். பிறகு அவளைக் காட்டினார். “இவ கையில கோழிக்குஞ்சு கூட கண்ண மூடித் தூங்கும். இவ ஆஸ்பத்திரிக்குப் போவட்டும்.”

அவர் சொன்னது சரி என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. சின்ன வயதில் கன்றுக்குட்டிகளை வரிசையாகக் கட்டி வைத்து வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவள் நான். எது எங்கே இருக்க வேண்டுமோ அது அங்கே இருக்க வேண்டும் எனக்கு. ரத்தத்தைக் கண்டால் குமட்டும். இரண்டாவது தடவை ஒருத்தர் ஒன்றைக் கேட்டால் எரிச்சல் வரும். மருத்துவச்சி வேலைக்கு என்னைப் போல லாயக்கில்லாதவள் வில்லியனூர் முதல் பாகூர் வரை தேடினாலும் கிடைத்திருக்க மாட்டாள். சரி என்று தலையாட்டத்தான் போனேன். அப்போது பக்கத்தில் அவளைப் பார்த்தேன். தாலியறுத்த நாளிலிருந்து செத்துக் கிடந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்திருந்தது. இவளுக்கு அது அவ்வளவு வேண்டியிருக்கிறதா என்று நினைத்தேன். அவ்வளவுதான். அது எனக்கு வேண்டியதாகிவிட்டது.

மருத்துவச்சிக்கு ஆள் எடுக்கப் புதுச்சேரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். வெள்ளைக்காரி. வியாழக்கிழமை, பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களுக்கு வார லீவு. வகுப்பறையிலேயே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு வேலை இல்லாத இடம் அது. துணைக்கு வந்தவள் என்று சொல்லிக்கொண்டு அவளுக்கு முன்னால் நான் உள்ளே போனேன். எங்கள் சனங்கள் கைம்பெண் முகத்தில் விழித்தால் விதை நெல்லைக்கூட எடுக்க மாட்டார்கள், பிள்ளை பிறக்கிற வீட்டுக்குள் இவளை யார் விடுவார்கள், அரசாங்கப் பணம் வீணாகப் போகுமே, எனக்குப் புருஷன் இருக்கிறார், சைகோனில் இருக்கிறார் என்று சொன்னேன். அத்தனையும் பிரெஞ்சில் சொன்னேன். மதாம் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சு அன்றைக்குத்தான் முதன்முதலாக எனக்கு உபயோகப்பட்டது.

டாக்டரம்மா யோசித்தார். பிறகு காகிதத்தில் என் பெயரை எழுதிக்கொண்டார். அவளைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார். வீட்டுக்குத் திரும்பும்போது அவள் என்னைப் பார்த்து, நீ என்னைவிடத் தைரியசாலி, அதுதான் உன்னை எடுத்தார்கள் என்றாள். மனசாரச் சொன்னாள். அதற்காகவும் அவளை எனக்குப் பிடிக்கவில்லை.

எதிரிக்குச் சகுனத் தடை ஆக வேண்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதை எல்லாருக்கும் தெரியும். அறுத்த மூக்கோடு அவன் பிறகு எப்படிக் காலம் தள்ளினான் என்று யாரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன். புதுச்சேரியில் முதல் பிரசவத்தைப் பார்த்து மயங்கி விழுந்தேன். இரண்டாவதிலும் விழுந்தேன். மூன்றாவதில் சுவரைப் பிடித்துக்கொண்டேன். புத்தகத்தில் உள்ளதெல்லாம் நெட்டுருப் போட்டு எழுத்துப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினேன். பயிற்சி கொடுத்த கன்னியாஸ்திரி என் தாளில் ‘பொறுமை போதாது’ என்று சிவப்பு மசியில் எழுதினார். இரண்டு வருஷம் கழித்துப் பித்தளைப் பூட்டு வைத்த தோல்பையோடு பாகூர் வந்து இறங்கினேன். எங்கள் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அவர்கள் வீட்டு வாசலில் நின்று, அந்தப் பை அவள் கண்ணில் படும்படி, சித்தியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

எனக்குப் பதிலாக அவள் போன பள்ளிக்கூடம் அவளுக்கு ஒத்து வரவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதல். அவள் குரல் முதல் பலகையைத் தாண்டாது. பிள்ளைகள் அவள் முந்தானையைப் பிடித்து இழுப்பார்கள், மடியில் ஏறி உட்காருவார்கள், ஒருத்தி அழுதால் அவளோடு உட்கார்ந்து அவளும் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். சந்தை இரைச்சல் மாதிரி அந்த வகுப்புச் சத்தம் தெருவரை கேட்கும். மதாம் அடுத்த அறையிலிருந்து வந்து அதட்டிவிட்டுப் போவார். நான் அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் வேலிக்கு வெளியே கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுத்தான் போவேன்.

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தப்பாக ஒன்றும் செய்யவில்லை. கத்தரிக்கோலை வேகவைக்காமல் தொட்டதில்லை. என் கையில் தாயும் சாகவில்லை, பிள்ளையும் சாகவில்லை. அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் நான் கத்துவேன். வலியில் துடிக்கிறவளை, ஊரில் நீ ஒருத்திதான் பெறுகிறாயா என்பேன். வாயை மூடு, மூச்சை அடக்கு, காலை இப்படி வை என்பேன். நான் சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருக்கும், கேட்கிறவளுக்குக் கை கால் விறைத்துக்கொள்ளும். பிள்ளையைக் கையில் கொடுக்கும்போது ஒருத்தியும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

அவள் முதலில் உள்ளே வந்தது தற்செயலாகத்தான். எங்கள் தெருவிலேயே ஒரு பிரசவம். பழைய துணி கொடுக்க வந்தவள், மாமியார்க்காரி பார்த்துவிடப் போகிறாளே என்று வாசலிலேயே நின்றாள். உள்ளே கிடந்தவள் அவளைக் கண்டதும் கையை நீட்டினாள். இவள் போய்ப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் பேசவில்லை. முதுகைத் தடவிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் காலையிலிருந்து கத்தியும் நடக்காதது அரை மணியில் நடந்தது. அதிலிருந்து ஆரம்பித்தது. என்னைக் கூப்பிட வரும் ஆள் வண்டியில் ஏறும்போது குரலைத் தாழ்த்தி, பள்ளிக்கூடத்து அம்மாவையும் இட்டுகினு வரச் சொன்னாங்க என்பான். பள்ளிக்கூடம் விட்ட பிறகும் லீவு நாளிலும் அவள் வருவாள். கைம்பெண்ணை யார் உள்ளே விடுவார்கள் என்று நான் டாக்டரம்மாவிடம் சொன்னேன் அல்லவா? விட்டார்கள். மாமியார்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு விட்டார்கள். பெறுகிறவர்கள் கேட்டு வாங்கினார்கள்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரன் சட்டப்படி பிள்ளை பிறந்த சில நாளுக்குள் மேரியில் பதிய வேண்டும். மேரி என்றால் கொம்யூன் அலுவலகம். நம் சனங்கள் தீட்டுக் கழித்துப் பதினாறாம் நாள்தான் பெயர் வைப்பார்கள், அதுவரை பிள்ளைக்குப் பெயரே கிடையாது. குமாஸ்தாவோ பெயர் இல்லாமல் எழுத மாட்டார். ஆகையால் பதியப் போகிறவர் வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லிவிட்டு வருவார். மேரியில் ஒன்று, வீட்டில் ஒன்று. நிலம் எழுதப் போன இடத்தில்தான் தன் பெயர் இன்னது என்று தெரிந்துகொண்ட பெரியவர்கள் எங்கள் ஊரில் உண்டு. தகப்பன்மார்களுக்கு ஒருநாள் வேலை கெடும், பிரெஞ்சுக் கேள்விக்குப் பயம் வேறு. மருத்துவச்சியே போய்ப் பதியலாம் என்று சட்டம் இருந்ததால் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

அந்தத் தெருப் பிரசவம் முடிந்த மறுநாள் பிள்ளையைக் குளிப்பாட்டப் போனேன். பெண் குழந்தை. தாய்க்காரி மாமியார் கொல்லைக்குப் போகும்வரை காத்திருந்து என் கையைப் பிடித்தாள். “வூட்ல எங்க மாமியா அவங்க இஷ்டத்துக்கு ஒரு பேரு வச்சுக்கட்டும். மேரியில மட்டும் பள்ளிக்கூடத்து அம்மா பேர எழுதிடு. தாலியறுத்தவ பேரான்னு கேப்பாங்க, யாருகிட்டயும் சொல்லாத” என்றாள்.

அவள் வீட்டில் உப்பு டப்பாவை எடுக்கக்கூட மாமியார் உத்தரவு வேண்டும். மாமியார் கை எட்டாத இடம் என்று அவளுக்குத் தெரிந்தது அந்தப் பதிவேடு ஒன்றுதான். அதில் வைக்க அவளுக்குத் தோன்றிய பெயர் என் பெயர் இல்லை. பித்தளைப் பூட்டுப் பையும் இரண்டு வருஷப் படிப்புமாக நான் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் கேட்டது கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தவள் பெயரை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சரி என்றேன். மேரிக்குப் போனேன். குமாஸ்தா பேனாவைத் தொட்டுக்கொண்டு பெயர் என்ன என்றார். என் பெயரைச் சொன்னேன். வாய் தவறிச் சொல்லவில்லை. படி ஏறும்போதே முடிவு செய்துகொண்டுதான் ஏறினேன்.

அவளுக்கு மட்டும் தோன்றிய யோசனை என்று நினைத்திருந்தேன். பெண்களுக்குள் எப்படிப் பரவியதோ, அடுத்த ஆண்டு இன்னொருத்தி அதே மாதிரி கையைப் பிடித்தாள். பிறகு இன்னொருத்தி. ஆண் பிள்ளை பிறந்தால் எனக்கு நிம்மதி. பெண் என்றால் குளிப்பாட்டும்போதே அந்தத் தாயின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன், கேட்கப் போகிறாளா என்று. கேட்காதவர்களுக்கு வேறு ஏதாவது பெயர் சொல்லுவேன். கேட்டவர்களுக்கெல்லாம் என் பெயர். மேரிக் குமாஸ்தாவுக்கும் அது பழகிவிட்டது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் குலதெய்வத்தின் பெயர் போல என்று நினைத்தாரோ என்னவோ. மூன்று வருஷத்தில் ஏழு பெண்கள் ஆனார்கள். அதற்குப் பிறகு சில வருஷம் ஏனோ யாரும் கேட்கவில்லை.

அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் சேர்கிற வயது வந்தது. அதுவரைக்கும் வீட்டில் சொல்லும் பெயரைத்தான் வகுப்பில் எழுதிக்கொள்வார்கள். அந்த வருஷம், பரீட்சைக்குப் போகும்போது தொல்லை வருகிறது, இனிமேல் மேரியில் இருக்கிற பெயரைத்தான் எழுத வேண்டும் என்று மதாம் சொல்லிவிட்டார். சின்ன வகுப்பு அவளுடையது. அவளே மேரிக்குப் போய் ஒவ்வொரு தகப்பன் பெயராகத் தேடி எழுதிக்கொண்டு வந்தாள். இருபது சொச்சம் பிள்ளைகளில் ஏழு பேர் ஒரே பெயர்க்காரிகள்.

இந்தச் செய்தி எனக்குச் சித்தி வாயால் தெரிந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவள் மதாமிடம் சொல்லுவாள், மதாம் மேலே எழுதுவார், பொய்ப் பதிவு என்று என் வேலை போகும் என்று பயந்தேன். அந்தத் தாய்மார்கள் தெருவில் நிறுத்தி வைத்துக் கேட்பார்கள் என்றும் பயந்தேன். அவர்கள் கேட்கவில்லை. கேட்டால் தாங்கள் என்ன பெயர் சொன்னோம் என்று மாமியார் முன்னால் சொல்ல வேண்டுமே. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல வாயை மூடிக்கொண்டு, என்னைக் கண்டால் பார்வையை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் எங்கள் கொல்லைப் பக்கம் வந்தாள். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். கிணற்று மேடையில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் மறுத்துவிடுவது என்று நான் தயாராக இருந்தேன்.

“ஏழு பேருக்கு உம் பேர வச்சிருக்காங்கக்கா” என்றாள். “நீ எங்கிட்ட சொல்லவே இல்லியே.”

நான் சாம்பலை எடுத்துத் தேய்த்தேன்.

“அந்த ஏழு பேரு பொறக்கிறப்பவும் நானும் கூட இருந்தேன். ராத்திரி பகலா முதுக நீவி வுட்டேன். ஒருத்திக்காவது தோணலியே. எனக்குப் புள்ள இல்ல, பொட்டில்ல. எம் பேரு ஒரு எடத்துலயாவது இருந்தா இன்னான்னு தோணிச்சு. உன்னப் பாத்தா எனக்கு வயிறு எரியுதுக்கா.”

ஏழு வயதிலிருந்து எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேனோ அது வந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். நான் அதை வெறுத்தேன் என்று சொன்னால் பொய். இனித்தது. தொண்டை வரை இனித்தது. அவள் சொல்லச் சொல்ல, பாத்திரத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போகும்போது, இனிமேல் பிரசவத்துக்கு என்னைக் கூப்பிடாதே, அவர்களுக்கு வேண்டியது உன் கைதான் என்று தெரிந்துபோய்விட்டது, நான் வந்து நடுவில் நிற்கக் கூடாது என்றாள். சரிடி என்றேன்.

ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தலைப்பிரசவம். பதினாறு பதினேழு வயதுப் பெண். கரையாம்புத்தூரிலிருந்து வாழ வந்தவள். விடியற்காலம் வலி எடுத்தது. பிள்ளை சரியாகத்தான் இருந்தது, வழியும் விட்டுவிட்டது, நாடியும் நன்றாக இருந்தது. ஆனால் அவள் பயந்துபோயிருந்தாள். நான் கிட்டே போனால் சுவரோரம் ஒதுங்குவாள். முக்க வேண்டிய நேரத்தில் காலை இறுக்கிக்கொண்டு அழுவாள். நான் கத்தினேன். கத்தாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டு மறுபடியும் கத்தினேன். உச்சி சாய்ந்தது. அந்தப் பெண்ணின் பலம் குறைந்துகொண்டே வந்தது. பள்ளிக்கூடத்து அம்மாவைக் கூப்பிடுங்கள் என்று அவள் கேட்டாள். அவள் வரமாட்டாள் என்று மாமியாரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் உதட்டைப் பார்த்தேன். காய்ந்து வெளுத்திருந்தது. என் கையில் இதுவரை யாரும் சாகவில்லை என்பது ஞாபகம் வந்தது. பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மதியப் பள்ளிக்கூடத்துக்கு அப்போதுதான் மணி அடித்திருந்தார்கள். அவள் வகுப்பில் வழக்கமான இரைச்சல். வாசலில் நின்று அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். “உன் கையே போதும்க்கா. நான் இன்னாத்துக்கு?” என்றாள். கோபம் இல்லை, வீம்பும் இல்லை. நிஜமாகவே நம்பிச் சொன்னாள். இனிமேல் மறைக்க நேரம் இல்லை.

“அந்த ஏழு பேரும் எம் பேரக் கேக்கல. உம் பேரத்தான் கேட்டாங்க. நான் மேரியில மாத்திச் சொல்லிட்டேன்” என்றேன்.

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. “ஏழு பேருமா?”

“ஏழு பேரும்.”

“தாலியறுத்தவ பேரையா கேட்டாங்க?”

ஆமாம் என்றேன். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திரும்பி வகுப்பைப் பார்த்தாள். பலகையில் ஏறி நின்று ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது. ஆனால் அந்த முகத்தில் இருந்தது துக்கம் இல்லை. மதாம் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்குப் பார்த்த அதே சிரிப்பு. என்மேல் கோபப்பட வேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷம். எனக்கு அந்த நேரத்திலும் வயிற்றில் பழைய இடத்திலேயே எரிந்தது.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கையிலிருந்த பையை வாங்கினாள். நானும் கிளம்பினேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

“நீ வந்தா அந்தப் பொண்ணு பயப்படுவா. இங்கயே இரு. புள்ளைங்கள பாத்துக்க. வேணும்னா ஆள் அனுப்பறேன்.”

வாழ்நாளில் அவள் எனக்குச் சொன்ன கடுமையான வார்த்தை அது ஒன்றுதான். அதிலும் கடுமை இல்லை, உண்மைதான் இருந்தது. பித்தளைப் பூட்டு வெயிலில் மின்ன அவள் தெருவில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பையை அவள் ஒரு கையால் இடுப்போடு அணைத்துக்கொண்டு ஓடிய விதத்தைப் பார்த்தால், பிறந்ததிலிருந்து அதைச் சுமந்தவள் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

நான் வகுப்புக்குள் போனேன். மேசையைக் கையால் ஒரு தட்டுத் தட்டினேன். இடத்தில் உட்காருங்கள் என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். உட்கார்ந்தார்கள். ஈ பறக்கும் சத்தம் கேட்டது. மதியத்துக்குப் பெயர் கூப்பிட வேண்டும். மேசை மேல் புத்தகம் திறந்திருந்தது. நாலாவதாக என் பெயர் இருந்தது. கூப்பிட்டேன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து, மதாம் பழக்கியபடி, வந்திருக்கிறேன் என்பதற்கு ‘பிரெசான்’ என்றாள். அடுத்த வரியிலும் என் பெயர். இன்னொருத்தி எழுந்தாள். தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் யார் எழுவது என்று அவர்களுக்குத் தெரியும். ஏழு தடவை என் வாயால் என் பெயரைச் சொன்னேன். ஏழு பேரும் அவள் தொட்டுப் பிறந்த தைரியத்தில் என்னைப் பயமில்லாமல் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். புளியங்கொட்டைகளை வரிசை வரிசையாக வைக்கச் சொன்னேன். கோணலாக வைத்தவளைத் திருப்பி வைக்கச் சொன்னேன். அவள் முகம் சுளிக்காமல் வைத்தாள். ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மதாம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. அமைதியாக இருந்த வகுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை. பத்து வருஷம் நான் வேலிக்கு வெளியே நின்று கேட்டுச் சிரித்த இடம் என்னுடைய இடமாகவே இருந்திருக்கிறது. அதை யாரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை, நானேதான் அவளிடம் தள்ளிவிட்டேன்.

மணி அடிப்பதற்கு முன்னால் செய்தி வந்துவிட்டது. பெண் குழந்தை. இருவரும் நலம். நான் அந்த வீட்டுக்குப் போனபோது அவள் அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் கழுவித் துடைத்துப் பையில் அதன் இடத்தில் இருந்தது. நான் வைத்திருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பேன். டாக்டரம்மாவிடம் நான் சொன்னதையும் அப்போதே சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். ஒரே நாளில் ஒரு மனுஷி எவ்வளவுதான் சொல்ல முடியும்? சொல்லவில்லை.

மறுநாள் குளிப்பாட்டப் போனேன். அந்தப் பெண்ணும் மாமியார் நகரும் வரை காத்திருந்து என் கையைப் பிடித்தாள். நான் அவளைப் பேச விடவில்லை. தெரியும், எழுதிவிடுகிறேன் என்றேன்.

மேரியில் அதே குமாஸ்தா. தேதி எழுதினார், தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர் எழுதினார். யார் பிரசவம் பார்த்தது என்ற இடத்தில் என் பெயரைச் சொன்னேன், அது பொய். சட்டப்படி வேறு பெயர் சொல்ல முடியாது. பெண் குழந்தையா என்று கேட்டார். ஆமாம் என்றதும், நான் வாயைத் திறப்பதற்குள், பழைய பழக்கத்தில் என் பெயரையே எழுதிவிட்டார்.

விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் நின்றேன். மசி இன்னும் காயவில்லை. எட்டாவது பெண். அவர் எழுதியது, நான் சொன்னதில்லை. யாரும் என்னைக் கேட்க முடியாது.

அது இல்லை, தப்பு என்றேன். அவர் சலித்துக்கொண்டார். பதிவேட்டில் அடித்தல் இருக்கக் கூடாது. இருந்தால் பதிய வந்தவர் ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் சட்டம். பரவாயில்லை, போடுகிறேன் என்றேன். அவர் என் பெயரின் மேல் கோடு இழுத்தார். நான் அவள் பெயரைச் சொன்னேன், அவர் எழுதினார். பிறகு புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். அடித்த என் பெயருக்குப் பக்கத்தில், ஓரத்தில், என் பெயரையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

படி இறங்கும்போது மனசு லேசானது என்று எழுதத்தான் ஆசை. லேசாகவில்லை. என்னிடம் ஏழு பேர் இருந்தார்கள். அவளுக்கு ஒருத்தி. அந்த ஒருத்திக்காகவும் எனக்கு வயிறு எரிந்தது.